நீரோட்டத்தை நேரத்தால் அளத்தல்: கழியொலி நீர்மானியின் மின்சுற்றை அமைக்கும் முறை

திருகோணமலை நகரின் குழாய் நீர் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வருகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளில் மணற்றரைக் கிணற்று நீரைப் பம்பியால் ஏற்றித் தாங்கியில் நிரப்பிப் புழங்குவோரும் உண்டு. இரண்டையும் அளப்பதற்கு நாம் வழக்கமாகக் காணும் கருவி, உள்ளே சில்லு சுழலும் நீர்மானிதான். நுண்மணல் புகுந்தால் அந்தச் சில்லின் அச்சு தேயும். உப்புப் படிந்தால் இறுகும். எங்கோ ஒழுகும் குழாயின் மெல்லிய ஓட்டத்துக்கு அது அசையவே மாட்டாது. மீயொலி என்றும் எழுதப்படும் கழியொலியைக் கொண்டு அளக்கும் மானியில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. நீரோட்டத்தோடு செல்லும் ஒலி சற்று முந்தியும், அதற்கு எதிரே செல்லும் ஒலி சற்றுப் பிந்தியும் சேர்வதால், அந்த இரண்டு பயண நேரங்களையும் அளந்தால் நீரின் வேகத்தைக் கணித்துவிடலாம்.

இலத்திரனியலில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள், குறிப்பாகத் தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவர்கள், அரை அங்குலக் குழாய் ஒன்றில் இதனைத் தாமே அமைப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அசையாத நீரில் இப்பக்கமிருந்து அப்பக்கம் செல்லும் ஒலிக்கும், அப்பக்கமிருந்து இப்பக்கம் வரும் ஒலிக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. நீர் ஓடத் தொடங்கும்போதுதான் அந்தச் சமச்சீர் குலைகிறது. ஆகவே மின்சுற்றில் வேறு எந்தக் காரணத்தால் அந்தச் சமச்சீர் குலைந்தாலும், மானி அதையும் நீரோட்டம் என்றே காட்டும். நல்ல மானியும் உதவாத மானியும் பிரிவது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. நேரத்தை நுணுக்கமாக எண்ணும் ஐ.சி.யின் விலையும் தரமும் அதற்குப் பிறகுதான் கணக்கில் வரும்.

அளக்க வேண்டிய நேரம்

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மின்துடிப்புக் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும், ஒலி பட்டால் மின் சமிக்ஞை தரும் பீசோ வில்லைகள் இரண்டு ஒன்றையொன்று நோக்கி இருக்க, அவற்றுக்கு இடையே 100 மில்லிமீற்றர் தூரம், குழாயின் உள்விட்டம் 15 மில்லிமீற்றர், நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் தூய நீரில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 1509 மீற்றர். ஓட்டம் இல்லாதபோது ஒலி மறுமுனையை அடைய 66.27 மைக்ரோ செக்கன் எடுக்கும். நீர் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடினால், அதாவது இந்தக் குழாயில் மணிக்கு 636 லீற்றர் பாய்ந்தால், இரு திசைப் பயண நேரங்களுக்கும் இடையிலான வித்தியாசம் 88 நனோ செக்கன் மட்டுமே. வேகம் செக்கனுக்கு 1 மில்லிமீற்றர் என்றால் வித்தியாசம் 88 பிக்கோ செக்கன்.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதை நீர்மானிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 4064 நியமத்தைக் கொண்டு மதிப்பிடலாம். நிரந்தரப் பாய்ச்சல் மணிக்கு 2500 லீற்றராகவும், அதற்கும் மிகக் குறைந்த பாய்ச்சலுக்கும் உள்ள விகிதம் 160 ஆகவும் குறிக்கப்பட்ட ஒரு மானி, மணிக்கு 15.6 லீற்றர் ஓட்டத்தையும் 5 சதவீதப் பிழைக்குள் காட்ட வேண்டும். அந்த ஓட்டத்தில் நம் குழாயில் நீரின் வேகம் செக்கனுக்கு 25 மில்லிமீற்றரை எட்டாது. நேர வித்தியாசம் 2.2 நனோ செக்கனுக்குச் சற்றுக் குறைவு. அதில் 5 சதவீதம் 108 பிக்கோ செக்கன். அவ்வளவு நேரத்தில் ஒளியே 3 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான் செல்லும். நாம் அமைக்கும் மின்சுற்று, ஒரு நாளின் வெயிலிலும் இரவின் குளிரிலும் இந்த அளவுக்குள் நிலைத்து நிற்க வேண்டும்.

ஓட்டத்தோடு செல்லும் ஒலியின் நேரத்தை ஓட்டவழி நேரம் என்றும், எதிரே செல்வதை எதிர்வழி நேரம் என்றும் அழைப்போம். கணிப்பதற்கான சூத்திரம் இது:

நீரின் வேகம் = (பாதை நீளம் ÷ 2) × (எதிர்வழி நேரம் − ஓட்டவழி நேரம்) ÷ (எதிர்வழி நேரம் × ஓட்டவழி நேரம்)

இதில் ஒலியின் கதி இடம்பெறவில்லை. நம் சூழலில் இது பெரிய வசதி. 20 பாகையில் ஒலியின் கதி 1482 மீற்றர் என்று எடுத்து அதையே மாறிலியாக எழுதிவிட்டால், 30 பாகை நீரில் மானி 3.5 சதவீதம் குறைத்துக் காட்டும். கன்னியா வெந்நீரூற்றை நினைவூட்டும் 40 பாகைச் சூட்டில் 6 சதவீதம் குறைத்துக் காட்டும். கூரைத் தாங்கியிலிருந்து நண்பகலில் இறங்கும் நீர் அந்தச் சூட்டை நெருங்குவது இங்கே புதிதல்ல. உப்பும் அவ்வாறே: 30 பாகையில் கடல்நீரில் ஒலியின் கதி 1545 மீற்றர் அளவில் இருப்பதால், கடலோரக் கிணற்றில் உவர் ஏற ஏறக் கதியும் ஏறும். இரண்டு நேரங்களையும் பெருக்கி வகுக்கும் மேற்படி சூத்திரம் இவை எல்லாவற்றையும் தானாகவே நீக்கிவிடுகிறது. அத்துடன், அதே இரண்டு நேரங்களிலிருந்து ஒலியின் கதியையும் தனியே கணித்து வைத்துக்கொள்ளுங்கள். பிழை பிடிக்க அது பின்னர் உதவும்.

குழாயும் வில்லைகளும்

வீட்டில் செய்வதற்கு எளிதான வடிவம், இரண்டு பிவிசி டீ இணைப்புகளை நேர்க்கோட்டில் இணைத்து, இரு அந்தங்களிலும் வில்லை பதித்த மூடிகளைப் பொருத்துவதாகும். நீர் ஒரு டீயின் பக்கக் கிளையால் நுழைந்து, இடையில் உள்ள நேர்க்குழாயில் ஓடி, மற்ற டீயின் பக்கக் கிளையால் வெளியேறும். வில்லைகளுக்கு இடையிலான முழுத் தூரத்திலும் நீர் அச்சுத் திசையில் ஓடாது என்பதால், பயனுறு நீளம் 100 மில்லிமீற்றரை விடக் குறைவாகவே இருக்கும். அதைக் கடைசிப் பகுதியில் சொல்லும் வாளிச் சோதனையால் திருத்திக்கொள்ளலாம்.

நீருக்கு 1 மெகாஹேர்ட்ஸ் மீடிறன் உள்ள பீசோ வில்லை பொருந்தும். அந்த மீடிறனுக்கு வில்லையின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் விட்டம் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். மெல்லிய கம்பிகளை விரைவாகப் பற்றவைக்க வேண்டும். நீண்ட நேரம் சூடேற்றினால் வில்லை தன் பீசோத் தன்மையை இழக்கும். நீரை நோக்கிய முகத்தில் 0.6 மில்லிமீற்றர் அளவில் எபொக்சிப் படலம் இருந்தால் அது காப்பாகவும், ஒலி நீருக்குள் இலகுவாக இறங்குவதற்கான இணைப்பாகவும் அமையும். வில்லையைப் பிவிசியோடு நேரடியாக ஒட்டாமல், மென்மையான இறப்பர் வளையத்தின் மேல் இருத்துங்கள். இல்லாவிட்டால் ஒலியின் ஒரு பகுதி குழாய்ச் சுவர் வழியே ஓடி, நீர்வழி ஒலிக்கு முன்பே மறுமுனையில் சேர்ந்து, நாம் பிடிக்க வேண்டிய அலையைக் குழப்பும்.

குழாயைப் பொருத்தும் இடத்தைப் பற்றி மூன்று வசனங்கள் போதும். குழாய் எப்போதும் நீரால் நிறைந்திருக்க வேண்டும்; நிலைக்குத்தாகப் பொருத்தி நீரை மேல்நோக்கி ஓடவிட்டால் குமிழிகள் தங்காமல் வெளியேறும். பம்பியை ஒட்டியோ, பாதி மூடிய வால்வுக்கு அடுத்தோ வைக்க வேண்டாம். வெயில் நேரே படும் சுவரைத் தவிர்க்க முடியாவிட்டால் மூடி மறைத்துவிடுங்கள்.

இரு திசைக்கும் ஒரே நிலை

இப்போது கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். ஒரே மாதிரியான இரண்டு வில்லைகளைத் தேடி அலைவோர் பலர். மீடிறனிலும் கொள்ளளவிலும் ஒத்த சோடி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சோடி ஒத்திருந்தாலும், ஒன்றில் எபொக்சி சற்றுத் தடிப்பாகிவிட்டால், அல்லது ஒன்று மற்றதை விட இரண்டு பாகை கூடுதலாகச் சூடேறிவிட்டால், ஒப்புமை போய்விடும். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றின் மேல் நம்பிக்கை வைப்பதை விட, வில்லைகள் வேறுபட்டாலும் பிழை எழாத மின்சுற்றை அமைப்பதே அறிவு.

அதற்கு வழி உண்டு. ஒலியை அனுப்பும் இடத்தையும் வாங்கும் இடத்தையும் மாற்றினாலும் கிடைக்கும் விளைவு மாறாது என்ற பொதுத் தேற்றத்தை ரேலி பிரபு 1873 இல் நிறுவினார். பீசோ வில்லையும் நீரும் குழாய்ச் சுவரும் கம்பியும் சேர்ந்த முழுத் தொகுதிக்கும், நீர் ஓடாத வரையில், இது பொருந்தும். ஒரேயொரு நிபந்தனைதான்: ஒவ்வொரு வில்லையும் அனுப்பும்போது எந்தத் தடங்கலைக் (மாறும் மின்னுக்கு மின்சுற்று காட்டும் மொத்தத் தடையை) காண்கிறதோ, வாங்கும்போதும் அதே தடங்கலைக் காண வேண்டும். இந்த நிபந்தனை நிறைவேறினால் வில்லைகள் எவ்வளவு வேறுபட்டாலும், ஒன்றின் கம்பி மற்றதை விட நீளமாக இருந்தாலும், பூச்சிய ஓட்டத்தில் இரு திசைச் சமிக்ஞைகளும் கட்டத்தில் ஒன்றாகவே இருக்கும்.

சாதாரணமாக வரையப்படும் சுற்றில் இந்த நிபந்தனை எப்படி மீறப்படுகிறது என்று பாருங்கள். அனுப்பும்போது வில்லை 20 ஓம் அளவிலான செலுத்தியோடு நேரே இணைக்கப்படுகிறது. வாங்கும்போது ஆளி மாறி, அதே வில்லை பல ஆயிரம் ஓம் உள்ளீட்டுத் தடை உள்ள விரியலாக்கியோடு இணைகிறது. பீசோ வில்லையின் பரிவு மீடிறன் அதன் மின்முனையில் உள்ள தடங்கலைப் பொறுத்து நகரக்கூடியது. எனவே ஒரே வில்லை அனுப்பும்போது ஒரு மீடிறனிலும், வாங்கும்போது இன்னொன்றிலும் அதிர விரும்பும். இரண்டு வில்லைகளும் சற்று வேறுபட்டவை என்பதால் அந்த நகர்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் நேர வித்தியாசமாக வெளிப்படும். வெப்பநிலையோடு அது மாறிக்கொண்டும் இருக்கும். காலையில் பூச்சியம் காட்டிய மானி நண்பகலில் ஒழுக்கு இருப்பதாகச் சொல்வது இவ்வாறுதான்.

திருத்தம் எளிது. ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே ஒரு தர்க்கப் படலையைச் செலுத்தியாகக் கொடுத்து, படலைக்கும் வில்லைக்கும் இடையில் 300 ஓம் அளவிலான துல்லியத் தடையி ஒன்றைத் தொடராக வையுங்கள். 74ஏ.சி. வகைப் படலையின் வெளியீட்டுத் தடை சிறியது. தொடர்த் தடையியே மொத்தத்தைத் தீர்மானிக்கும். அனுப்பும்போது படலை மேலும் கீழும் மாறும். வாங்கும்போது அதை விலக்கிவிடக் கூடாது; அதன் வெளியீட்டைத் தாழ்நிலையில் நிறுத்தி வையுங்கள். அப்போதும் வில்லை அதே 300 ஓம் ஊடாக நிலத்தைக் காணும். சமிக்ஞையை எடுக்க, தடையியும் வில்லையும் சந்திக்கும் புள்ளியிலிருந்து, உயர்ந்த உள்ளீட்டுத் தடை உள்ள விரியலாக்கிக்கு ஓர் அனலொக் ஆளி வழியாக இணைப்புக் கொடுங்கள். ஆளிக்கும் சிறிய கொள்ளளவம் உண்டு என்பதால் இரு பக்கங்களிலும் ஒரே ஐ.சி.யின் ஆளிகளையே பயன்படுத்துங்கள்.

தொடர்த் தடையியால் சமிக்ஞையின் பருமன் குறையும். அந்த இழப்பை விரியலாக்கியால் ஈடுசெய்துவிடலாம்; குலைந்த சமச்சீரை எதனாலும் ஈடுசெய்ய முடியாது. இங்கே கடற்காற்றில் பலகையில் உப்பு ஈரம் படிவதை எல்லோரும் அறிவோம். 300 ஓம் அளவில் இயங்கும் புள்ளியில், ஈரத்தால் ஏற்படும் இலட்சம் ஓம் கசிவு ஒரு பொருட்டாகாது. குறைந்த தடையைத் தெரிவதற்கு இது இன்னொரு காரணம். சொருகி இணைப்பிகளைத் தவிர்த்துக் கம்பிகளை நேரே பற்றவைத்து, பலகை முழுவதையும் காப்புப் பூச்சால் மூடிவிடுங்கள்.

விரியலாக்கி, வடிகட்டி, சமிக்ஞை ஒரு மட்டத்தைக் கடக்கும் கணத்தைக் காட்டும் ஒப்பீட்டி ஆகிய மூன்றும் இரு திசைகளுக்கும் பொதுவாக ஒரே தொகுதியாக இருக்க வேண்டும். திசைக்கு ஒன்றாக இரண்டு விரியலாக்கிகளை வைத்தால், அவற்றின் தாமதங்கள் வெப்பத்தோடு வெவ்வேறாக நகர்ந்து, ஒதுக்கிவிட்ட பிழை பின்வாசலால் திரும்பி வரும்.

எந்த அலையைப் பிடிப்பது

அனுப்பும் வில்லைக்கு 1 மெகாஹேர்ட்ஸில் 10 துடிப்புகளைக் கொடுப்போம். 10 மைக்ரோ செக்கனில் அது முடிந்துவிடும். 66 மைக்ரோ செக்கன் கழித்து மறுமுனையில், சிறியதாகத் தொடங்கி, ஒவ்வோர் அலையாகப் பருத்து, உச்சத்தை அடைந்து, பின்னர் தேயும் ஓர் அலைக்கூட்டம் வந்து சேரும். ஒசிலோஸ்கோப்பில் இதைக் கட்டாயம் பாருங்கள். முதல் அலை இரைச்சலுக்குள் மறைந்திருக்கும், இரண்டாவது தென்படும், மூன்றாவதும் நான்காவதும் தெளிவாக எழும்.

நேரத்தைக் குறிக்க, அலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தை எடுக்கிறோம்; அலையின் பருமன் மாறினாலும் அந்தக் கணம் மாறாது. ஆனால் எத்தனையாவது அலையின் பூச்சியக் கடப்பு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்காக ஒரு தொடக்க மட்டம் வைத்து, அலை அந்த மட்டத்தைத் தாண்டிய பின்னர் வரும் பூச்சியக் கடப்புகளை மட்டும் எண்ணுவார்கள். மட்டத்தை இரண்டு அடுத்தடுத்த அலை உச்சிகளுக்கு நடுவே வையுங்கள். உச்சியை ஒட்டி வைத்தால், குமிழி ஒன்று கடக்கும்போதோ முகத்தில் சுண்ணாம்பு படியும்போதோ பருமன் சற்றுக் குறைய, அடுத்த அலை பிடிபட்டுவிடும்.

அவ்வாறு ஒரு திசையில் மட்டும் ஓர் அலை தவறினால் நேர வித்தியாசத்தில் 1 மைக்ரோ செக்கன் பிழை சேரும்; அது செக்கனுக்கு 11 மீற்றருக்கு மேற்பட்ட பொய் வேகம். மிகப் பெரியது என்பதால் அதைக் கண்டு ஒதுக்குவது இலகு. இரு திசைகளிலும் ஒருசேர ஓர் அலை தவறினால்தான் ஆபத்து. வித்தியாசம் சரியாகவே இருக்க, சூத்திரத்தில் வகுக்கும் இரு நேரங்களின் பெருக்கத்தில் மட்டும் 3 சதவீதப் பிழை ஒளிந்துகொள்ளும். இதைப் பிடிக்கத்தான் ஒலியின் கதியைக் கணித்து வைக்கச் சொன்னேன். பிந்திய அலையைப் பிடித்திருந்தால் கதி 1509 க்குப் பதில் 1486 என்று வரும். அது ஏறத்தாழ 21 பாகை நீருக்குரிய கதி. திருகோணமலையில் குழாயைத் திறந்தால் அந்தக் குளிரில் நீர் வராது. முந்திய அலையானால் கதி 1532 ஆகி 42 பாகை நீர் போலத் தோன்றும். வெயிலில் காய்ந்த குழாயில் அதுவும் நடக்கக்கூடியதே என்பதால், குழாயின் மேல் ஒரு சிறிய வெப்பநிலை உணரியை ஒட்டி இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பீட்டியின் பெயர்வு வோல்ற்றளவும் கவனிக்கத்தக்கது. சமிக்ஞையின் பருமன் அரை வோல்ற் என்றால் பூச்சியத்தைக் கடக்கும்போது அது மைக்ரோ செக்கனுக்கு 3.14 வோல்ற் வீதம் ஏறும். ஒப்பீட்டி 1 மில்லிவோல்ற் பிசகினால் நேரம் 318 பிக்கோ செக்கன் பிசகும். இரு திசைகளிலும் பருமன் சமமாக இருந்தால் இது கழித்தலில் மறைந்துவிடும். 10 சதவீதம் வேறுபட்டால் 32 பிக்கோ செக்கன் மிஞ்சும். மேலே நாம் கண்ட 108 பிக்கோ செக்கனில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு காரணமே விழுங்கிவிடும். ஏறும் கடப்பையும் இறங்கும் கடப்பையும் அளந்து சராசரி எடுத்தால் இந்தப் பிழை பெருமளவு நீங்கும்.

நேரத்தை எண்ணுதல்

16 மெகாஹேர்ட்ஸில் ஓடும் அர்டுயினோவின் எண்ணி, நேரத்தை 62.5 நனோ செக்கன் படிகளாகத்தான் காணும். நம் குழாயில் ஒரு படி என்பது மணிக்கு 450 லீற்றரை ஒத்தது. நீருக்கு அது உதவாது. காற்றுக்கோ அது தாராளம். காற்றில் ஒலியின் கதி 30 பாகையில் 349 மீற்றர்தான் என்பதால், 40 கிலோஹேர்ட்ஸ் வில்லைகளை 300 மில்லிமீற்றர் இடைவெளியில் எதிரெதிரே வைத்தால், செக்கனுக்கு 1 மீற்றர் காற்றுக்கு 4.9 மைக்ரோ செக்கன் வித்தியாசம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குவோர் கச்சான் காற்று வீசும் நாளொன்றில் முற்றத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டு நீருக்கு வருவது நல்லது என்பேன்; திசை மாற்றுதல், தொடக்க மட்டம், அலை தவறுதல் எல்லாம் அங்கேயே கைப்பழக்கம் ஆகிவிடும்.

நீருக்கு, நேரத்தை எண்ணாக மாற்றும் தனி ஐ.சி. வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிடிசி7200 இதற்குப் பெயர்பெற்றது. அதன் ஒரு படி 55 பிக்கோ செக்கன். துடிப்பை அனுப்பி, வரும் அலையைப் பெருக்கி, பூச்சியக் கடப்பைப் பிடித்துக் கொடுக்கும் டிடிசி1000 அதற்குத் துணையாக உள்ளது. டிடிசி7200 இன் உள்ளே தர்க்கப் படலைகள் வளையமாகக் கோக்கப்பட்டு, ஒரு விளிம்பு அந்த வளையத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை படலைகளைத் தாண்டியது என்பதே நுண்ணிய நேரம். 66 மைக்ரோ செக்கன் முழுவதையும் இவ்வாறு எண்ணுவதில்லை. தொடக்கக் கணத்திலிருந்து அடுத்த கடிகாரத் துடிப்பு வரையிலான துண்டை வளையம் அளக்கும். அங்கிருந்து 8 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தின் முழுத் துடிப்புகள் எண்ணப்படும். முடிவுக் கணத்திலிருந்து அதற்கு அடுத்த துடிப்பு வரையிலான துண்டை மீண்டும் வளையம் அளக்கும். முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டைக் கழித்து, முழுத் துடிப்புகளின் நேரத்தோடு கூட்டினால் பயண நேரம் கிடைக்கும். படலைகளின் தாமதம் வெப்பத்தாலும் மின்வழங்கலாலும் மாறுவதால், ஒவ்வோர் அளவீட்டிலும் ஐ.சி. தன் வளையத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் தரும் இரண்டு அளவுத்திருத்த எண்களையும் வாசித்தே கணக்குப் போட வேண்டும்.

கணக்கிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பயண நேரத்தைப் பிக்கோ செக்கனில் எழுதினால் ஆறு கோடியே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட எண் வரும். 32 பிற் தசம எண்ணில் அதை வைத்தால் 4 பிக்கோ செக்கனுக்குக் கீழ் எதுவும் பதியாது. முழு எண்களாகவே வைத்துக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் தசம எண்ணாக மாற்றுங்கள். பெருக்கத்துக்கு எடுக்கும் நேரங்களிலிருந்து, கம்பியும் எபொக்சியும் விரியலாக்கியும் சேர்க்கும் நிலையான தாமதத்தைக் கழிக்க வேண்டும்; வித்தியாசத்தில் அது தானே மறையும், பெருக்கத்தில் மறையாது.

ஒரு திசையை அளந்த உடனே மறு திசைக்குப் பாயாதீர்கள். முதல் ஒலி முகங்களில் பட்டுத் தெறித்து 199 மைக்ரோ செக்கன் அளவில் மீண்டும் வந்து சேரும். அதன் பின்னும் எதிரொலிகள் தொடரும். அவை அடங்க ஓரிரு மில்லி செக்கன் விட்டு, அளவு ஓடும் நேரத்தில் நுண்கட்டுப்படுத்தியை உறக்கநிலையில் வைத்து, இவ்வாறு பல சோடிகள் எடுத்துச் சராசரி காணுங்கள். நூறு சோடிகளின் சராசரியில் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். சமச்சீர்க் குலைவால் வரும் பிழை எத்தனை ஆயிரம் சோடிகள் எடுத்தாலும் குறையாது.

பூச்சியமும் வாளியும்

குழாயை நீரால் நிரப்பி, இரு பக்க வால்வுகளையும் மூடி, நிழலில் கிடையாக வைத்து, அரை மணி நேரம் கழித்துப் பதியத் தொடங்குங்கள். நிழலும் கிடைநிலையும் காரணத்தோடு சொன்னவை: ஒரு பக்கம் வெயில் பட்ட நிலைக்குத்துக் குழாயில், வால்வுகள் மூடியிருந்தாலும் சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும். அதை மானி ஓட்டம் என்று காட்டினால் குற்றம் மானியிடம் இல்லை. அதிகாலையிலிருந்து பிற்பகல் வரை பதிந்த வித்தியாசத்தை வெப்பநிலைக்கு எதிரே வரைந்து பாருங்கள். நிலையாக ஒரு பெறுமானம் இருந்தால் அதைக் கழித்துவிடலாம். வெப்பத்தோடு அது 50 பிக்கோ செக்கனுக்கு மேல் நகர்ந்தால், சூத்திரத்தில் திருத்தம் சேர்க்க முனையாமல் மின்சுற்றுக்குத் திரும்புங்கள்.

எங்கே தேடுவது என்பதை அறிய, இரண்டு வில்லைகளின் கம்பிகளையும் பலகையில் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். பலகையின் முதல் முனையிலிருந்து இரண்டாம் முனைக்கு என்று பார்க்கையில் பிழையின் குறி மாறாமல் இருந்தால், பலகையின் இரு பக்கங்களும் தமக்குள் ஒவ்வாமல் உள்ளன: தடையிகளை அளந்து பாருங்கள், ஆளிகளின் தடங்களின் நீளத்தைப் பாருங்கள். குறி மாறினால், ஒன்றில் நீர் உண்மையாகவே நகர்கிறது, அல்லது அனுப்பும் தடங்கலும் வாங்கும் தடங்கலும் வேறுபட்டு வில்லைகளின் ஒவ்வாமையை வெளிக்காட்டுகின்றன. கிடையாக, நிழலில், இன்னும் ஒரு மணி நேரம் விட்டும் அது குறையாவிட்டால் இரண்டாவதே காரணம்.

பூச்சியம் நிலைத்த பின்னரே அளவுத்திருத்தம். குழாயின் வெளியேற்றத்தை ஒரு வாளிக்குள் விட்டு, நிறுத்தற்கடிகாரத்தோடு நீரை நிறுத்துப் பாருங்கள். வாளியின் கோட்டை நம்புவதை விடத் தராசை நம்பலாம். 30 பாகையில் ஒரு லீற்றர் நீரின் நிறை 0.9957 கிலோகிராம் என்பதால் 10 கிலோகிராம் நீர் 10.04 லீற்றர். மணிக்கு 20, 40, 60, 80, 120, 300, 600 லீற்றர் அளவில் ஓட்டத்தை வைத்து, ஒவ்வொன்றிலும் மானியின் வாசிப்புக்கும் உண்மை ஓட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறியுங்கள். தாழ்ந்த ஓட்டங்களில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 15 மில்லிமீற்றர் குழாயில் 30 பாகை நீருக்கு மணிக்கு 78 லீற்றர் அளவில் ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் 2300 ஐத் தொடுகிறது. அதற்குக் கீழே ஓட்டம் அருவிக்கோட்டு நிலையில் இருந்து, குழாயின் நடுவில் சராசரியைப் போல் இருமடங்கு வேகத்தை அடைய முனையும். அதற்கு மேலே ஓட்டம் கொந்தளித்து, நடுவேகம் சராசரியின் 1.2 மடங்கு அளவுக்கு இறங்கும். நடுவே செல்லும் ஒலிக்கற்றை இந்த மாற்றத்தை அப்படியே காண்கிறது. ஆகவே ஒரே பெருக்குமாறிலி போதாது. குறித்த விகிதங்களை அட்டவணையாக நினைவகத்தில் எழுதி, இடைப்பட்டவற்றை நேர்க்கோட்டு இடைச்செருகலால் கணியுங்கள். நீர் சூடாகும்போது பாகுநிலை குறைந்து அந்த மாறுமிடம் தாழ்ந்த ஓட்டத்துக்கு நகரும் என்பதால், அட்டவணையை ஓட்டத்துக்கு எதிராக அல்லாமல் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு எதிராக எழுதுவது மேலானது. அதற்கு வேண்டிய வெப்பநிலை குழாயில் ஒட்டிய உணரியிலிருந்தே கிடைக்கும்.

பொருத்திய பிறகு, ஓட்டத்தோடு கூடவே மூன்று எண்களை நாள்தோறும் பதிந்து வாருங்கள்: இரு திசைச் சமிக்ஞைகளின் பருமன், ஒலியின் கதி, நள்ளிரவில் குழாய்கள் மூடியிருக்கும்போது காணப்படும் நேர வித்தியாசம். பருமன் இரு திசையிலும் சேர்ந்து மெல்லக் குறைந்தால் முகங்களில் படிவு ஏறுகிறது. மூடியைக் கழற்றி, மென்மையான துணியால், எபொக்சியைச் சுரண்டாமல் துடைக்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் குறைந்தால் படிவைத் தேடாதீர்கள். செலுத்தும் படலையையும் 300 ஓம் தடையியின் பற்றவைப்பையும் முதலில் பாருங்கள்.